சூடேறினால் கத்தும் பம்பு

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ரத்தினசாமியின் பட்டறைக்குள் நுழைகிறவர் யாராக இருந்தாலும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். துணி காயப்போட்டதைப் போலக் கம்பிக் கொடியில் பழைய தினத்தாள்கள் தொங்கும். ஒவ்வொரு தாளிலும் கறுப்பாக ஒரு பெரிய வட்டம், அதற்குள் ஒரு சின்ன வட்டம், இரண்டுக்கும் நடுவில் நாலோ எட்டோ வெள்ளைப் புள்ளிகள். ஏதோ பூஜை எந்திரம் என்று நினைத்துச் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தவர்களும் உண்டு.

அவை பிளாஞ்சுகளின் அச்சு. குழாயின் முனையில் பற்றவைக்கிற கனமான இரும்பு வளையத்துக்குப் பிளாஞ்சு என்று பெயர். அதில் சுற்றிலும் ஓட்டைகள் இருக்கும். பம்பிலும் வால்விலும் அதே மாதிரி வளையம் உண்டு. ஓட்டைக்கு ஓட்டை பொருந்தினால் போல்ட் போட்டு முறுக்கலாம். பொருந்தாவிட்டால் தலையில் கை வைத்து உட்கார வேண்டியதுதான். ஒவ்வொரு நாட்டுக்காரனுக்கும் ஒரு கணக்கு. குழாய் மாட்டுகிற மற்ற பிட்டர்கள் அதற்கென்று அச்சடித்த அட்டவணைப் புத்தகம் வைத்திருப்பார்கள். சேவூரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட ரத்தினசாமிக்கு அந்த இங்கிலீஷ் அட்டவணை எட்டவில்லை. அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பிளாஞ்சின் முகத்தில் தினத்தாளை விரித்து, கிரீஸ் தொட்ட கட்டைவிரலால் தேய்ப்பார். இரும்பு இருக்கும் இடம் கறுக்கும், ஓட்டை இருக்கும் இடம் வெளுப்பாக நிற்கும்.

"புஸ்தகத்துல தப்பா அச்சடிச்சிருப்பான். இரும்பு தப்பா அச்சடிக்காதுங்க" என்பார்.

பன்னிரண்டு வயதில் பிளீச்சிங் தொட்டியில் துணி மிதித்த மனிதர் அவர். பதினாறு வயதில் ஒரு பாய்லர் பிட்டருக்குக் குழாய் தூக்கிக் கொடுத்தார். இருபத்தைந்தில் அந்தப் பிட்டரே வந்து இவரிடம் யோசனை கேட்டார். இதை ரத்தினசாமி சொல்லித்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பொய்யில்லை. முப்பது வருடத்தில் இந்தப் பக்கத்துச் சாயப்பட்டறைகளுக்கு அவர் இழுத்த நீராவி லைனை எல்லாம் நீட்டிப் போட்டால் அவிநாசிக்குப் போய்த் திரும்பி வரலாம். அவர் பற்றவைத்த லைன் ஒன்றைக்கூட அந்த முப்பது வருடத்தில் யாரும் அறுத்து மாற்றியதில்லை. அவரும் அறுத்ததில்லை. அவருடைய பெயர் என்றால் அதுதான். கையில் போட்டிருந்த மோதிரத்தைவிட அந்தப் பெயரைத்தான் அவர் அடிக்கடி துடைத்துப் பார்த்துக்கொள்வார்.

இரண்டாயிரத்து நாலாம் வருடம் அந்தப் பெயருக்கு ஒரு சோதனை வந்தது.

பனியன் துணி வியாபாரத்தில் இருந்த முகமது ரபீக், அருள்புரத்தில் குழந்தைத் துணிகளுக்கென்று ஒரு சாயப்பட்டறை கட்டினார். மற்ற இடங்களில் ஒவ்வொரு சாய மெஷினும் பச்சைத் தண்ணீரை வாங்கித் தானே சூடாக்கும். ரபீக் பாய்க்கு வேறு ஆசை. ஒரே தொட்டியில் தண்ணீரைச் சூடாக்கி, பம்பு வைத்து, எல்லா மெஷினையும் சுற்றி அந்த வெந்நீர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எந்த மெஷின் கேட்டாலும் எண்பத்தைந்து டிகிரியில் தண்ணீர் தயாராக நிற்க வேண்டும்.

பம்பு வெளிநாட்டுச் சரக்கு. அதைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தவர் பம்பு ஏஜென்சியின் மெக்கானிக் சகாயராஜ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது. ஏஜென்சியில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. குடும்பத்தை அப்போதுதான் ஊரிலிருந்து கூட்டி வந்திருந்தார்.

பம்பை இறக்கிய அன்று அதன் வாயையும் ரத்தினசாமி கொண்டுவந்த பிளாஞ்சையும் பார்த்து சகாயராஜ் நிம்மதியாகச் சொன்னார்: "இதுலயும் எட்டு ஓட்ட, அதுலயும் எட்டு ஓட்ட. பொருந்திக்கிடும் அண்ணாச்சி."

ரத்தினசாமி பையிலிருந்து பழைய தினத்தாளை உருவினார். பம்பு வாயில் ஒரு தாளை விரித்துத் தேய்த்தார். பிளாஞ்சில் இன்னொரு தாளைத் தேய்த்தார். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். எட்டுப் புள்ளிகளும் கொஞ்சம் கொஞ்சம் விலகி நின்றன. அரை விரல்கடைகூட இருக்காது. ஆனால் போல்ட் நுழையாது.

"இந்நேரம் வேற ஆளா இருந்தா ஓட்டையை அரத்துல ராவி நீட்டமாக்கி, போல்ட்டை அடிச்சு நொழச்சிருப்பானுங்க. ஒரு வருசத்துல ஒழுகும். நம்மகிட்ட அந்த வேலை இல்லைங்க" என்றார். அந்தத் தாளையே மாதிரியாக வைத்துப் புதுத் தகட்டில் ஓட்டை போட்டார். எட்டுப் போல்ட்டும் வெண்ணெயில் விரல் நுழைவதுபோல நுழைந்தன. சகாயராஜ் அந்தத் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது வால்வு. பம்புக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தண்ணீர் கசியாமல் பிடிக்கும் பம்பின் சீல் போய்விட்டால் இரண்டையும் மூடிவிட்டு நடுவில் இருக்கும் பம்பை மட்டும் கழற்றலாம். பத்தாயிரம் லிட்டர் வெந்நீரைத் தரையில் விட வேண்டாம். சில பட்டறைகளில் சிக்கனம் என்று ஒரு பக்கம் மட்டும் வால்வு போடுவார்கள், பிறகு ஒவ்வொரு சீல் மாற்றத்துக்கும் தொட்டியைக் காலி செய்வார்கள். ரத்தினசாமி அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

"ரெண்டு பக்கமும் பூட்டு, நடுவுல பம்பு. தண்ணி எறக்காம முக்கால் மணி நேரத்துல கழட்டி மாட்டுவேன் பாய். நீங்க கடிகாரத்தைப் பாத்துக்கலாம்" என்று ரபீக்கிடம் சொன்னார்.

அவர் கொண்டுவந்தது குளோப் வால்வு. நீராவி லைனில் முப்பது வருடமாக அவர் நம்பிப் போட்டு வருவது. மூடினால் சொட்டுக்கூடக் கசியாது. கேட் வால்வு அவருக்கு ஆகாது. அதன் பலகை இறங்கும் பள்ளத்தில் பஞ்சும் உப்பும் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு முழுசாக மூடாது.

சகாயராஜ் தயங்கித் தயங்கி வந்தார். "தண்ணி வெளிய போற டெலிவரிப் பக்கம் இது நல்லா இருக்கும் அண்ணாச்சி. தொட்டியில இருந்து பம்புக்கு வார சக்ஷன் பக்கம் மட்டும் வேற வால்வு போட்டா தேவல. எங்க டிரெயினிங்ல அப்பிடித்தான் சொன்னாங்க."

"எத்தனை நாள் டிரெயினிங்குங்க?"

"ஆறு நாளு."

"எனக்கு முப்பது வருசமுங்க. இன்னும் முடியலை."

வெல்டிங் செய்துகொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். சகாயராஜ் பம்பின் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

முதல் நாள் பச்சைத் தண்ணீரை விட்டு ஓட்டினார்கள். பம்பு பூனை மாதிரி ஓடியது. மறுநாள் தண்ணீரைச் சூடாக்கினார்கள். மதியம் பம்பு கத்த ஆரம்பித்தது. உள்ளே ஒரு கூடை ஜல்லியைக் கொட்டி உருட்டுவது போன்ற சத்தம். கடைசி மெஷினுக்குத் தண்ணீர் சரியாகப் போகவில்லை. பம்பு நடுங்கியது.

ரபீக் பாய் வந்து காதைப் பொத்திக்கொண்டு நின்றார். மெதுவாகப் பேசுகிற மனிதர், அன்றைக்கும் மெதுவாகத்தான் பேசினார். "அண்ணா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பம்பு சரியில்லைன்னா அதைத் திருப்பி அனுப்பிட்டு வேற பம்பு பார்க்கிறேன். லைன்ல எதாச்சும் கோளாறுன்னாலும் சொல்லிடுங்க. உங்க வார்த்தைதான் எனக்கு."

பம்பு திரும்பிப் போனால் அதைத் தேர்ந்தெடுத்த சகாயராஜும் ஏஜென்சியிலிருந்து ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

லைனில் கோளாறு என்றால் ரத்தினசாமியின் லைனை அறுக்க வேண்டும். அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

பம்பு சரியில்லை என்று சொல்ல ரத்தினசாமி வாயைத் திறந்துவிட்டார். வார்த்தை நாக்குக்கு வந்துவிட்டது. ஆனால் ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. கெட்டுப்போன பம்பு நேற்று ஏன் கத்தவில்லை? உடைந்த இறக்கையும் தேய்ந்த பேரிங்கும் பச்சைத் தண்ணீரிலும் கத்துமே, வெந்நீருக்கு மட்டும் கத்துகிற பம்பு உலகத்தில் உண்டா?

"ரெண்டு நாள் குடுங்க பாய்" என்றார். "பொறவு சொல்றேன்."

மறுநாள் விடியக்காலம் ஆறு மணிக்கே அருள்புரம் போய்விட்டார். தொட்டித் தண்ணீர் இரவில் ஆறியிருந்தது. பம்பை ஓட்டச் சொல்லி, ஒரு நீள ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பம்பின் உடம்பில் வைத்து, கைப்பிடியைத் தன் காதில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டாக்டர் தோற்றுப்போவார். தண்ணீர் சூடேறிக்கொண்டே வந்தது. அவர் நகரவில்லை.

தொட்டியின் சூட்டை அரை மணிக்கு ஒருமுறை நோட்டில் எழுதுகிறவள் விஜயராணி, சாத்தூர்க்காரி. அவள்தான் அங்கே சூப்பர்வைசர்.

"ஐயா, நேத்து சத்தம் எப்ப ஆரம்பிச்சுதுன்னு நான் எழுதி வச்சிருக்கேன்" என்றாள்.

"எத்தனைல கண்ணு?"

"எழுபத்தெட்டுல லேசா. எண்பத்திரண்டுல பேய் மாதிரி."

"இன்னைக்கும் பாரு. எனக்குச் சொல்லாத. நான் கையைத் தூக்கறப்ப எத்தனைன்னு மட்டும் எழுது."

அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்குரூ டிரைவருக்குள் முதல் ஜல்லி விழுந்ததும் கையைத் தூக்கினார். விஜயராணி எட்டிப் பார்த்தாள். எழுபத்தெட்டு.

இரும்பு கெட்டிருந்தால் நேரத்துக்கு நேரம் மாறும். இது டிகிரி பார்த்துக் கத்துகிறது.

அடுத்து இன்னொன்று செய்தார். பம்புக்குப் பின்னால் இருந்த டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடினார். தண்ணீர் போகிற வழியை அடைத்தால் பம்பு இன்னும் திணறும் என்றுதான் நினைத்தார். சத்தம் குறைந்தது. இன்னும் மூடினார். இன்னும் குறைந்தது. திறந்தார், கத்தியது. மூடினார், அடங்கியது. சின்னப்பிள்ளை விளக்கு சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதுபோல எட்டுத் தடவை செய்து பார்த்தார்.

"என்னங்கய்யா இது?" என்றாள் விஜயராணி.

"கழுத்தை நெரிச்சா பாட்டு நல்லா வருது கண்ணு. எனக்கும் வெளங்கலை."

அன்று முழுக்கச் சாப்பாட்டில்கூட அவருக்கு நினைப்பில்லை. விடை அடுத்த நாள் காலையில் அவருடைய வீட்டுக் குளியலறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. விறகடுப்பில் வெந்நீர் அண்டா. தண்ணீர் கொதிக்க இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் அடியில் சடசடவென்று ஒரு சத்தம். தோளில் துண்டோடு நின்றவர் உள்ளே ஓடிப் போய் ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து அண்டாவில் வைத்துக் கேட்டார். அதே ஜல்லி.

அவர் வீட்டுக்காரம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, அண்டாவுக்கு என்ன நோவு?"

"அண்டாவுக்கு ஒண்ணுமில்லை. பம்புக்குள்ள தண்ணி கொதிக்குது!"

ஆனால் எண்பது டிகிரியில் தண்ணீர் எப்படிக் கொதிக்கும்? துண்டோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்தே யோசித்தார். பாய்லர் விஷயம் அவருக்கு அத்துப்படி. உள்ளே அழுத்தம் ஏறினால் தண்ணீர் நூறைத் தாண்டியும் கொதிக்காது. அப்படியானால் அழுத்தத்துக்குப் பதிலாக இழுத்தால்? பம்பு தொட்டியிலிருந்து இழுக்கிறது. இழுக்கிற அளவுக்குத் தண்ணீர் வந்து சேராவிட்டால் அங்கே அழுத்தம் இறங்கும். இறங்கினால் எண்பதிலேயே கொதிக்கும். டெலிவரியை மூடினால் பம்பு குறைவாக இழுக்கும், கொதி அடங்கும். எல்லாம் சரியாக வந்தது. ஒன்று மட்டும் பாக்கி. தொட்டிக்கும் பம்புக்கும் நடுவில் தண்ணீரின் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் யார்?

தன் பட்டறைக்குப் போனபோது வாசலில் சகாயராஜ் நின்றார். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார்.

"ரெண்டு நாளு ஆச்சுல்லா, அண்ணாச்சி. பாய்கிட்ட என்ன சொல்லுதீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். வீட்டுல சாமானைக் கட்டணுமா வேண்டாமான்னு தெரிஞ்சுக்கிடணும்."

"கட்டறதெல்லாம் அப்பறம். இதைப் புடிங்க" என்று ஒரு குளோப் வால்வை எடுத்து அவர் கையில் கொடுத்தார். சுழற்றி முழுசாகத் திறந்துவிட்டிருந்தார். "அந்தப் பக்கம் கண்ணை வையுங்க. நான் இந்தப் பக்கம் வெக்கறேன்."

இரண்டு வளர்ந்த ஆண்கள் ஒரு வால்வின் இரு வாயிலும் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"தெரியறனா?"

"இல்ல. இருட்டு."

"எனக்கும் இருட்டு." ரத்தினசாமி வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே ஒரு குறுக்குச் சுவர். தண்ணீர் கீழே இறங்கி, ஒரு வளையத்துக்குள் மேலே ஏறி, மறுபடி இறங்கிப் போக வேண்டும். முப்பது வருடமாகக் கையில் புழங்கிய சாமான். மூடினால் கசிகிறதா என்றுதான் பார்த்திருக்கிறாரே தவிர, திறந்தால் வெளிச்சம் வருகிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. நீராவிக்கு அந்த வளைவு பெரிதில்லை. பின்னால் பாய்லர் நின்று தள்ளும். தாழ்வான மேடையில் கிடக்கிற தொட்டித் தண்ணீருக்குப் பின்னால் தள்ள யாரும் இல்லை.

மூலையில் கிடந்த ஒரு பழைய பால் வால்வை எடுத்தார். உள்ளே துளை போட்ட உருண்டை ஒன்று திரும்பும் வகை. கைப்பிடியைக் குழாய்க்கு நேராகத் திருப்பிக் கண்ணை வைத்தார். மறுபக்கம் சகாயராஜின் கண் முழுசாகத் தெரிந்தது. லேசாகக் கலங்கியிருந்ததுகூடத் தெரிந்தது.

"தெரியுது அண்ணாச்சி."

"ம்."

அன்றைக்கே சொன்னேனே என்று சகாயராஜ் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரத்தினசாமிதான் ஆரம்பித்தார். "உங்க ஆறு நாள்ல இதை எத்தனாவது நாள் சொல்லிக் குடுத்தாங்க?"

"ரெண்டாவது நாளு."

"காரணம் சொன்னாங்களா?"

"இல்ல. போடக் கூடாதுன்னு மட்டுந்தான் சொன்னாங்க."

"அதான பார்த்தேன்" என்றார் ரத்தினசாமி. அவர் முகத்தில் பழைய களை கொஞ்சம் திரும்பியது.

அருள்புரத்துக்கு இருவரும் ஒரே வண்டியில் போனார்கள். வழியெல்லாம் ரத்தினசாமிக்கு மனசுக்குள் ஒரு குறுக்குவழி தெரிந்தது. தொட்டியை இன்னும் ஐந்தடி உயரத்தில் வைத்திருந்தால் இந்த வால்விலும் தண்ணீர் ஓரளவு வந்திருக்கும். பழியை மேடை கட்டிய கொத்தனார் தலையில் போட்டுவிடலாம். பாதி உண்மைதான். யாரும் மறுக்க மாட்டார்கள். லைனை அறுக்க வேண்டாம், மேடையை இடித்துக் கட்டித் தொட்டி வாயில் ஒரு துண்டுக் குழாய் சேர்த்தால் போதும்.

ரபீக் பாய் வாசலிலேயே எதிர்ப்பட்டார். "சொல்லுங்கண்ணா."

ரத்தினசாமி பம்பைப் பார்த்தார். அது கத்திக்கொண்டிருந்தது. அவருக்கு இப்போது அந்தச் சத்தம் ஒரு வாக்கியம் மாதிரித் தெளிவாகக் கேட்டது. கேட்ட பிறகு மேடை, கொத்தனார் என்று பேச வாய் வரவில்லை.

"பம்பு தங்கமான பம்புங்க பாய். நான் போட்ட வால்வு தப்பு. சக்ஷன்ல அதைப் போட்டிருக்கக் கூடாது. இவரு அன்னைக்கே சொன்னாரு, நான் கேக்கலை."

ரபீக் அவரையும் சகாயராஜையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப லைன்?"

"ஞாயித்துக்கிழமை பட்டறை லீவு. தொட்டித் தண்ணியை எறக்கிடுங்க. அறுத்து மாத்தறேன்."

சனிக்கிழமை கோயம்புத்தூர் போய் பால் வால்வு வாங்கினார். கடைக்காரர் எடுத்துப் போட்ட ஒவ்வொன்றையும் தூக்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தார். சிலவற்றில் வாய் பெரிதாகவும் உள்துளை சின்னதாகவும் இருந்தது. வெளியே பார்த்தால் தெரியாது, கண்ணை வைத்தால் தெரியும். அவற்றைத் தள்ளி வைத்தார்.

"பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறீங்களே!" என்றார் கடைக்காரர்.

"பொண்ணு பாத்தப்ப இத்தனை பாக்கலீங்க. அதுல போனா வாழ்க்கைதான். இதுல போனா என் பேரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெட்டும் மெஷினைத் தானே கையில் எடுத்தார். வெல்டர்கள் இருவரும் எட்டத்தில் நின்றார்கள். அவர் லைனை அவரே அறுப்பதைப் பார்க்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. புது வால்வு பழையதைவிட மூன்று விரல்கடை குட்டை, போல்ட்டைக் கழற்றி அப்படியே மாட்ட முடியாது; ஒரு பக்கத்துக் குழாயைப் பிளாஞ்சோடு அறுத்து எடுத்தார். நடுவில் விழுந்த இடைவெளிக்கு ஒரு துண்டுக் குழாய், அதன் வால்வுப் பக்க முனையில் பிளாஞ்சு. ஓட்டைகள் நூல் பிடித்தாற்போல நேராக நிற்க வேண்டும், ஒரு மயிரிழை திரும்பினாலும் வால்வின் கைப்பிடி குடிகாரன் மாதிரிச் சாய்ந்து நிற்கும். தாளை வைத்துத் தேய்த்தார், வெயிலில் பிடித்தார், பற்றவைத்தார். கைப்பிடி நெட்டுக்குத்தாக நின்றது. டெலிவரிப் பக்கம் குளோப் வால்வு அதன் இடத்திலேயே இருந்தது. அங்கே அது சரியான ஆள்.

திங்கட்கிழமை தண்ணீர் சூடேறியது. எல்லோரும் பம்பைச் சுற்றி நின்றார்கள். எழுபத்தெட்டு. எண்பத்திரண்டு. எண்பத்தாறு. ரத்தினசாமி ஸ்குரூ டிரைவரைக் காதிலிருந்து எடுத்து சகாயராஜிடம் நீட்டினார். அவர் காதில் வைத்துக் கேட்டார். கடைசி மெஷின் பக்கத்திலிருந்து, தண்ணீர் நிறைய வருகிறது என்று ஒருவர் கையை ஆட்டினார்.

"சத்தம்னு ஒரு கட்டம் போட்டு வச்சிருக்கேங்கய்யா. அதுல என்ன எழுத?" என்றாள் விஜயராணி.

"இல்லைன்னு எழுது கண்ணு. கொட்டை எழுத்துல எழுது."

ரபீக் பாய்க்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனசில் ஒரு உறுத்தல் இருந்தது. ரத்தினசாமியைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணா, இதெல்லாம் வெளிய தெரிய வேண்டாம்னா நான் யார்கிட்டயும் பேசலை. ரத்தினண்ணன் லைனை யாரும் அறுத்ததில்லைன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு இருக்குல்ல?"

ரத்தினசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தாராளமாச் சொல்லுங்க பாய். அறுத்தது ஆருன்னு கேட்டா ரத்தினசாமின்னு சொல்லுங்க. என் லைனை அறுக்கற தைரியம் இந்தத் திருப்பூர்ல வேற எவனுக்குங்க இருக்குது?"

சொல்லிவிட்டு, கழற்றிய குளோப் வால்வைத் தூக்கித் தோளில் வைத்தார். வாசலில் நின்று, எதற்கோ ஒரு தரம் அதன் வாயில் கண்ணை வைத்து வெயிலைப் பார்த்தார். பிறகு வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.